சிற்ப வகுப்புக்குப் பகுதிநேர ஆசிரியர்: பட்டமில்லாத சிற்பியை நியமிக்கலாமா?

கேள்வி (கோவை): எங்கள் கல்லூரியின் சிற்பச் செய்முறை வகுப்புக்கு, இருபது ஆண்டுகளாகத் திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கிவரும், பட்டம் பெறாத ஒருவரைப் பகுதிநேரமாக நியமிக்க விதி இடம் தருமா?

மறுமொழி 1 (ஈரோடு): தரும், ஐயா. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' (தொழில் அனுபவத்தின் பேரில் நியமிக்கப்படும் பேராசிரியர்) வழிகாட்டுதலில், பொதுவாக 15 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநருக்குப் பட்டம் கட்டாயமில்லை. அத்தகையோர் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

மறுமொழி 2 (சேலம்): ஊதியத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வருகைதரு விரிவுரையாளருக்கு அக்குழு 2019இல் விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என நிர்ணயித்தது, ஆனால் கல் தேர்வும் உளி தீட்டுவதும் (கூடத்தைப் பெருக்குவதும்கூட!) எந்தக் கணக்கிலும் வராமல் போகின்றன. அந்த நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேட்டவர்: உளி தீட்டும் நேரம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, சேர்த்துவிடுகிறோம்.