உதவி: பெரிலியம்-10 கணக்கில் பாறை வயது ஒரு லட்சம்தான் வருகிறது

தோவாளை மாணவி:
எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறேன். மருந்துவாழ் மலை உச்சியில் குவார்ட்ஸ் கனிமம் எடுத்ததாக வைத்து ஒரு பயிற்சிக் கணக்கு. கிராமுக்கு 3,00,000 பெரிலியம்-10 அணுக்கள். ஆண்டுக்கு 3 அணு உருவாகும். வகுத்தால் 1,00,000 ஆண்டு. ஆனால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் உருமாறியவை என்றுதான் படித்தோம். எங்கே இடிக்கிறது? கார்பன்-14 சரிவருமா?

குலசேகரம் அண்ணன்:
ரெண்டும் சரிதான் மக்ளே, கேள்விதான் வேற. 55 கோடி என்பது பாறை ஆழத்தில் வெந்து உருமாறிய காலம். பெரிலியம் அதைச் சொல்லாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது சிதறும் நியூட்ரான்கள், குவார்ட்ஸிலுள்ள ஆக்சிஜன் அணுக்கருவை உடைப்பதால் பிறப்பது அது. பாறைக்குள் 60 செ.மீ. போவதற்குள் அந்த வீரியம் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிடும். மேற்பரப்பை நெருங்கிய பிறகே அணுக்கள் சேரத் தொடங்கும்.

கார்பன்-14 வேண்டாம். அரைவாழ்வு, அதாவது பாதி அணுக்கள் சிதையும் காலம், 5,730 ஆண்டுதான், லட்சத்துக்கு எட்டாது. பெரிலியம்-10க்குச் சுமார் 13.9 லட்சம். சிதைவையும் சேர்த்தால் உங்கள் விடை 1,02,600 பக்கம் வரும்.

தோவாளை மாணவி:
நன்றி அண்ணே. அப்போ உச்சிப்பாறை வெளியே வந்து ஒரு லட்சம் ஆண்டு என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்:
அப்படி எழுதாதீர்கள். அது குறைந்தபட்ச வயதுதான்; பாறை கொஞ்சமும் தேயவில்லை என்றால் மட்டுமே அதுவே சரியான வயது. இரண்டு பருவமழையும் அடிக்கும் ஊரில் தேயாத பாறை ஏது? இதே எண்ணைத் தேய்மானமாகவும் படிக்கலாம்: மேலே சொன்ன 60 செ.மீ. ஆழத்தை வைத்து, 60 × 3 ÷ 3,00,000 = ஆண்டுக்கு 0.0006 செ.மீ., ஆயிரம் ஆண்டுக்கு 6 மி.மீ. இந்த வேகத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்துவரும் மலையும் ஏறக்குறைய இதே 3,00,000ஐத்தான் காட்டும். என் கணிப்பில் இந்த மலைக்கு இரண்டாவது வாசிப்பே பொருந்தும்.

இன்னொன்று, 3 என்பதை எல்லா ஊருக்கும் போடாதீர்கள். துருவப் பக்கம் கடல்மட்டத்தில் சுமார் 4. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போவதால் இங்கே கதிர்கள் அதிகம் தடுக்கப்படும். உயரம் கூடினால் எண்ணிக்கையும் கூடும்.

தோவாளை மாணவி:
தெளிவாயிற்று சார். முட்டம் பக்கத்துச் செம்மணலுக்கும் இதே முறையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்:
மணல் வேறெங்கோ திறந்தவெளியில் கிடந்து சேர்த்த பெரிலியத்தோடு வந்திருக்கும். கடைசியாக வெளிச்சம் பட்ட காலத்தைக் காட்டும் ஒளிர்வு முறைதான் அதற்குத் தோது. ஆழத்தில் நெடுங்காலம் புதைந்ததற்கு அலுமினியம்-26ஐயும் சேர்த்து அளப்பார்கள். அது பெரிலியத்தைவிட வேகமாகச் சிதைவதால் அலுமினியம்-பெரிலியம் விகிதம் இறங்கும். சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியானது இந்த வழியில்தான். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில் இரண்டையும் அளக்கும் வசதி உண்டு. துறைத்தலைவர் மூலம் எழுதிக் கேளுங்கள்.