விக்டர் நாய் மார்க்கில் ஒரு கேம் பெட்டி: பார்த்தவங்க உங்க அனுபவத்தையும் எழுதுங்க

யோகோஹாமாவாசி:
ஞாயிற்றுக்கிழமை துணியைக் காயப் போட்டுட்டு, பக்கத்துல இருக்கிற பழைய சாமான் கடைக்கு ஒரு நடை போறது என் வழக்கம். போன வாரம் ஆம்ப்ளிஃபையர் அலமாரியில ஒரு பீங்கான் நாய், தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருந்துச்சு. எங்க தாத்தாவோட கிராமபோன் ரெக்கார்டுல இருந்த அதே நாய்! அதுக்குக் கீழ் தட்டுல கருஞ்சாம்பல் நிறத்துல ஒரு பெட்டி, மேல 'விக்டர்'னு எழுத்து. சிடி பிளேயர்னுதான் நெனச்சேன். தூக்கிப் பார்த்தா கேம்பேட் சொருகுற இடம் ரெண்டு இருக்கு. கூடவே மைக் சொருகவும் ரெண்டு துளை.

பேரு வொண்டர்மெகா. 1992 ஏப்ரல்ல வந்தது. சேகா கம்பெனியோட மெகா டிரைவ் கேம் பெட்டியையும், அதோட சேர்த்து சிடி கேம் ஓட்டுற மெகா சிடியையும் ஒரே உடம்புல அடைச்சிருக்காங்க. கடைக்காரர் கரன்ட் கொடுத்து ஒரு பட்டனை அமுக்கினார். மூடி தானா, அவசரமே இல்லாம மேல எழும்பிச்சு. அந்த ஒரு நொடிக்காகவே வாங்கலாம்போல இருந்துச்சு.

வெளியான காலத்து விலை 82,800 யென். மெகா டிரைவ் 21,000, மெகா சிடி 49,800, ரெண்டையும் தனித்தனியா வாங்கினாலே 70,800தான். மிச்சம் 12,000 எதுக்குன்னு யோசிச்சேன். கரோகே மைக், மிடி அவுட் (எலக்ட்ரானிக் இசைக்கருவிகளோட இணைக்கிற துளை), எஸ்-வீடியோ (டிவியில படம் தெளிவா வர்றதுக்கு). பாதிக்கு மேல பாட்டு சமாச்சாரம்! கேம் ஆடுற பையனுக்கு மிடி எதுக்குங்க?

ரெக்கார்டு பைத்தியம்:
அண்ணே, அந்த நாய்க்குப் பேரு நிப்பர். பிரான்சிஸ் பராட்ங்கிற ஆங்கிலேய ஓவியர் வரைஞ்சது. அமெரிக்காவோட விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 1927ல ஜப்பான்ல ஆரம்பிச்ச கிளைதான் ஜப்பான் விக்டர், அதாவது ஜேவிசி. நம்ம ஊர் எச்எம்வி தட்டுலயும் இதே நாய்தான், ஆனா கம்பெனி வேற. ரெக்கார்டு விக்கிறவன் கேம் பெட்டி செஞ்சா மைக் ஓட்டை இல்லாமலா இருக்கும்?

நியூ ஜெர்சி தம்பி:
எனக்கு ஜேவிசின்னா எங்க வீட்டு விசிஆர். அதுல விஎச்எஸ் கேசட் போட்டா அப்பா மட்டும்தான் ரிமோட்டைத் தொடலாம். சூப்பர் நின்டெண்டோ கேம் பெட்டிக்கு 'சூப்பர் ஸ்டார் வார்ஸ்' கேம் வாங்கின அன்னைக்கு அட்டைப்பெட்டியில ஜேவிசி பேரைப் பார்த்துட்டு, "அப்பா, நம்ம விசிஆர்காரன் கேமும் போடுறான்!"னு கத்தினேன். அவங்களோட இசைப் பிரிவு மூலமா வெளியிட்டதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. பாலைவனத்துல வர்ற முதல் கட்டத்துலயே எத்தனை தடவை செத்தேன்னு கணக்கே இல்ல. வொண்டர்மெகாவோட அமெரிக்கத் தம்பி எக்ஸ்ஐ 1994ல இங்க வந்துச்சு. அதுல மிடியை எடுத்துட்டாங்க, யோகோஹாமா அண்ணனுக்கு சந்தோஷமா இருக்கும்.

ஒசாகா மாமா:
நிப்பொன்பாஷி கடைத்தெருவுல வி-சேட்டர்ன் பார்த்திருக்கேன், சேகாவோட அடுத்த கேம் பெட்டியான சேட்டர்னை விக்டர் தன் பேர்ல வித்தது. சேகா சேட்டர்ன் 1994 நவம்பர் 22ல வந்துச்சு, இது மூணு நாள் கழிச்சு 25ல. போட்டதும் வர்ற லோகோ வேற, மத்தபடி உள்ளே அதே சேட்டர்ன்தான். எனக்கு அதுல மனசு ஒட்டல. ஆனா சேட்டர்னுக்குன்னு விக்டர் தனியா ஒரு அட்டை வித்தாங்க, அதைச் சொருகினா வீடியோ சிடி ஓடும். 1993ல வீடியோ சிடிக்கு விதி வகுத்த கம்பெனிகள்ல ஜேவிசியும் ஒண்ணு. திருட்டு விசிடியைச் சட்டைத் துணியில தேய்ச்சுத் தேய்ச்சுப் படம் பார்த்த தலைமுறைக்கு இது தெரியாமலே போச்சு பாருங்க.

யோகோஹாமாவாசி:
இன்னைக்கு மறுபடி போனேன். பெட்டி அங்கேயே இருக்கு, நாயை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. வொண்டர்மெகாவுல 1993ல வந்த எம்2 மாடலை யாராவது வச்சிருக்கீங்களா? அதுல டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட்ல வேலை செய்ற, வயர் இல்லாத கேம்பேடாம். நடுவுல பூனை வந்து உட்கார்ந்தா வேலை செய்யுமா?