சீஷாக் யார்: ஷோஷெங்கா, ராம்சேஸா?

மாற்றுக்காலம்: “பைபிள் சொல்லும் எகிப்து ராஜா சீஷாக் என்றால் எகிப்தை ஆண்ட முதலாம் ஷோஷெங், இதில் பேச ஒன்றுமில்லை” என்று பக்கத்துத் திரியில் ஒருவர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். 1 இராஜாக்கள் 14:25 சொல்வது யூதா ராஜா ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷத்தில் சீஷாக்கின் எருசலேம் மேல் படையெடுப்பு. எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில் ஷோஷெங் வெட்டிவைத்த ஊர்ப் பட்டியலில் எருசலேம் எங்கே?

கல்தச்சன்: முதலில் அந்தச் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு வளையத்துக்குள் இருக்கிறது. முதல் ஒன்பது வளையமும் ‘ஒன்பது வில்’ என்ற சம்பிரதாய எதிரிகள், ஊரே இல்லை. 16 பெத்செயான், 23 கிபியோன், 24 பெத்தொரோன், 26 ஆயலோன், 27 மெகிதோ. கிபியோனிலிருந்து எருசலேம் சுமார் 10 கிலோமீட்டர். நாலாம் வரிசையில் பெரும்பகுதி சிதைந்து கிடக்கிறது.

மாற்றுக்காலம்: ஆக, இல்லை. நன்றி.

கல்தச்சன்: கல் உடைந்தது உங்கள் சாதனையா? 14:26-ல் பொக்கிஷத்தையும் சாலொமோனின் பொன் பரிசைகளையும் (கேடயங்களையும்) வாரிக்கொண்டு போனான் என்றுதான் இருக்கிறது. மதிலை இடித்ததாக ஒரு எழுத்து கிடையாது.

மாற்றுக்காலம்: இரண்டாம் ராம்சேஸ் எட்டாம் ஆண்டில் ‘சாலேமை’, அதாவது எருசலேமை, கொள்ளையிட்டதாக அவன் கோயிலான ராமேசியத்தில் இருக்கிறதே! ஷோஷெங்கிடம் எருசலேம் இல்லை.

கல்தச்சன்: கூடவே வரும் மேரோம், பெத்தானாத் எல்லாம் வடக்கே கலிலேயா, எருசலேம் பக்கம் இல்லை. ராம்சேஸை சீஷாக் படையெடுத்த கி.மு. 925-ஐ ஒட்டி இழுக்க சுமார் 350 வருஷம் வெட்ட வேண்டும். அவனோடு உடன்படிக்கை செய்த ஹித்தைட் ராஜா ஹத்துசிலியும் வரணும், ஹத்துசிலி கடிதம் எழுதிய பாபிலோன் ராஜாவும் வரணும். இவர்களோடு பின்னிய அசீரிய ராஜாக்களின் ஆண்டுக் கணக்கோ கி.மு. 763 சூரிய கிரகணத்தில் ஆணியடித்து நிற்கிறது. போன மாசம் பாரசீக ராஜா தரியு பற்றிய திரியிலும் இந்த இடத்தில்தான் காணாமல் போனீர்கள்.

மாற்றுக்காலம்: தரியுவை ஏன் இழுக்கிறீர்? எருசலேம் எந்த வளையம்? எண்ணைச் சொல்லுங்கள்.

பனையோலை: 29! எகிப்திய சித்திர எழுத்தை முதலில் படித்த சாம்போலியனே 1828-ல் ‘யூதா ராஜ்யம்’ என்று படித்தாரே. மெகிதோவில் 1926-ல் ஷோஷெங் பெயர் வெட்டிய கல்லும் கிடைத்தது. வழக்கு முடிந்தது.

கல்தச்சன்: ஐயா, எனக்கு ஆதரவு என்று சொல்லிக் குழி பறிக்காதீர்கள். 29 வெறும் ஊர்ப்பெயர், அந்த வாசிப்பு செத்து வெகுகாலம். மெகிதோ கல் பழைய தோண்டலின் மண்மேட்டில் கிடந்தது. எந்த அடுக்கு என்றே தெரியாது.

பனையோலை: மண்மேட்டில் கிடந்தால் பெயர் மாறிவிடுமா? பெரிய மேதாவி.

கல்தச்சன்: பெயரில் யாருக்குச் சந்தேகம்? மெகிதோவை எரித்தவன் ஷோஷெங் என்று சிலர் சொல்கிறார்களே, எரித்த ஊரில் அத்தனை பெரிய கல்லை யார் பார்க்க நட்டான்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.