மூச்சுக்குழாய் மென்தசை செல்: அசிட்டைல்கோலின் விட்டும் கால்சியம் ஏறவில்லை, ஏன்?

வைத்திக்குப்பம்:
வணக்கம். மனித மூச்சுக்குழாய் மென்தசை செல்கள், 7-வது பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்த ஏழாவது சுற்று), கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டில்) வளர்த்தவை. கால்சியத்தைப் பிடித்தால் ஒளிர்வு மாறும் சாயமான ஃபியூரா-2-ஐ, சவ்வைத் தாண்டும் ஏ.எம். எஸ்டர் வடிவில், 5 மைக்ரோமோலார், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஏற்றுகிறோம். கழுவிய கையோடு 340/380 நானோமீட்டரில் தூண்டி, 510-இல் 5 நொடிக்கு ஒரு படம் எடுக்கிறோம். தசையைச் சுருக்கும் நரம்பு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை 10 மைக்ரோமோலார் விட்டால், கால்சியம் ஏறும்போது ஏற வேண்டிய 340/380 விகிதம் அசையவே இல்லை. செல்லுக்குள் புள்ளி புள்ளியாகவும் ஒளிர்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து புதுச்சேரியில் லேபுக்குள்ளேயே ஒரே ஈரப்பதம். கெட்டது சாயமா, செல்லா?

கெடிலக்கரை:
எனக்குச் சந்தேகம் ரிசெப்டர் மேல்தான். அசிட்டைல்கோலின் செல் சவ்வில் உள்ள எம்3 ரிசெப்டரைத் தொட்டால்தான் ஜி.க்யூ., பாஸ்ஃபோலிப்பேஸ் சி, ஐ.பி.3 என்று செய்தி இறங்கி, எஸ்.ஆர். என்ற செல்லின் உட்சேமிப்பிலிருந்து கால்சியம் வெளியே வரும். வளர்ப்புத் தட்டில் பாசேஜ் ஏற ஏற இந்தச் செல்கள் எம்3-ஐ இழந்துவிடும். ஹிஸ்டமின், பிராடிகைனின் ரிசெப்டர்கள் அவ்வளவு எளிதில் போகாது. அதே கவர்ஸ்லிப்பில் ஹிஸ்டமின் 10 மைக்ரோமோலார் விடுங்கள். கடைசியில் அயனோமைசின் (ரிசெப்டர் இல்லாமலே கால்சியத்தைச் சவ்வு தாண்ட விடுவது) 5 மைக்ரோமோலார். மூன்றுக்கும் அசையவில்லை என்றால் சாயத்தைப் பாருங்கள். பின்னிரண்டும் ஏறி அசிட்டைல்கோலின் மட்டும் படுத்துக் கிடந்தால் சாயம் நிரபராதி.

அயனோமைசினுக்குப் பிறகு கால்சியம் இல்லாத நிலையின் குறைந்தபட்ச விகிதம் எடுக்க இ.ஜி.டி.ஏ. 10 மில்லிமோலார் விடுவீர்கள். அது கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடும், பி.எச். சரியும், சரிந்தால் பிடிமானமும் தளரும். அதனால் டிரிஸ் காரம் சேர்த்து பி.எச். 8-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டால் விகிதத்திலிருந்து கால்சியம் அளவு போடும் உங்கள் நானோமோலார் கணக்கு முழுக்கத் தவறும்.

இன்னொன்று: அசிட்டைல்கோலினை கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடைத்துவிடும். அதற்கு எளிதில் உடையாத கார்பகோலுக்கு மாறுங்கள்.

தேங்காய்த்திட்டு:
ரிசெப்டர் விஷயம் சரி, ஆனால் அந்தப் புள்ளிகளை விட்டுவிடக் கூடாது. 37 டிகிரியில் சாயம் உள்ளுறுப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் அளக்க வேண்டியது சைட்டோசோலை, அதாவது உள்ளுறுப்புகளுக்கு வெளியே உள்ள செல் திரவத்தை. ஏ.சி. அறையில் 25 டிகிரியில், 2 மைக்ரோமோலார், சாயம் கரைய உதவும் புளூரோனிக் எஃப்-127 0.02 சதவீதம் சேர்த்து 45 நிமிடம் ஏற்றுங்கள். கழுவிய பின் இருட்டில் இன்னொரு 30 நிமிடம் விடுங்கள். செல்லுக்குள் ஏ.எம். எஸ்டர் முழுக்க அறுபடாத சாயமும் ஒளிரும், ஆனால் கால்சியத்துக்கு மசியாது. கழுவிய கையோடு அளப்பதில் இதுதான் சிக்கல். செல்லிலிருந்து சாயம் கசிந்தால், அதைத் தடுக்க புரோபெனிசிட் 1 மில்லிமோலார்.

நம் கடலோரக் காற்றுக்கு ஒரு எச்சரிக்கை. மைனஸ் 20-இலிருந்து எடுத்த சாயக் குப்பியைச் சிலிக்கா ஜெல்லோடு அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு திறங்கள். குளிரக் குளிரத் திறந்தால் உள்சுவரில் நீர் பூக்கும். சாயம் கரைத்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நீர் பட்ட ஏ.எம். எஸ்டர் வெளியிலேயே அறுந்துபோய்ச் சவ்வைத் தாண்டாது, செல் மங்கலாகவே இருக்கும். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒரு குழாய் ஒரு நாளுக்கு மட்டும்.

கெடிலக்கரை:
5 நொடி இடைவெளியும் போதாது. கால்சியம் ஒரு தடவை ஏறி இறங்குவதோடு நிற்காமல், செல்லின் ஒரு முனையிலிருந்து அலையாக ஓடித் திரும்பத் திரும்ப அடிக்கும். சுருக்கத்தின் அளவோடு ஒத்துப்போவது பெரும்பாலும் அந்த அலைகளின் வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை என்பது. நொடிக்கு 2 படமாவது எடுங்கள். புலம் முழுவதன் சராசரி வேண்டாம். பக்கத்துச் செல்கள் ஒரே தாளத்தில் அடிக்காததால் சராசரியில் அலைகள் ஒன்றையொன்று அழித்து, நேர்கோடு போலத் தெரியும். செல்லுக்குச் செல் தனிக் கட்டம் போடுங்கள்.

வைத்திக்குப்பம்:
நன்றி சார். அதே கவர்ஸ்லிப்பில் பார்த்தோம்: ஹிஸ்டமினுக்கு ஏறியது, அயனோமைசினுக்கு உச்சம், கார்பகோலுக்கு ஒன்றுமில்லை. வளர்ப்பு ஊடகத்தில் சீரம் நிறுத்தி வைத்தால் எம்3 திரும்புமா?

கெடிலக்கரை:
ஒரு வாரம் வைத்தால் சில செல்களில் ஓரளவு திரும்பலாம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2-வது பாசேஜ் குப்பி இருந்தால் அதை எடுங்கள். மஸ்கரினிக் (எம்3 சேர்ந்த ரிசெப்டர் வகை) கேள்விதான் முக்கியம் என்றால், உயிரோடு மெல்லிசாக வெட்டிய நுரையீரல் துண்டம்தான் வழி. அதில் செல்கள் தங்கள் இடத்திலேயே இருப்பதால் எம்3-உம் இருக்கும், குழாய் சுருங்குவதையும் கண்ணாலேயே பார்க்கலாம்.