பாண்டரோசா பைன்: தாய்மண்ணை விடுவதா, கழுவுவதா?

கல்லிடுக்கு:
போன்சாய் (சட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) ஆக்குவதற்காகக் கொலராடோவின் கிரானைட் பாறைகளில் இருந்து பெயர்த்த பாண்டரோசா பைனைப் பெட்டியில் நடும்போது, வேரோடு வந்த தாய்மண்ணைத் தொடாதீர்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நடுகிற அன்றே வேரைக் கழுவிவிட வேண்டும். பாறைக் குழியில் இருப்பது பொடிந்த கிரானைட்டும் மக்கிய ஊசியிலையும் சேர்ந்த நுண்மண். அதைச் சுற்றி 3 முதல் 6 மி.மீ. பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போடுகிறோம். நுண்மண் தன் ஈரத்தைப் பருத்த பியூமிஸுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. ஒருமுறை காய்ந்துபோனாலோ, ஊற்றுகிற தண்ணீர் முழுக்கப் பியூமிஸ் வழியாக ஓடிவிடும். வெளியே ஈரம், நடுவே புழுதி. "தினமும் தண்ணீர் விட்டேனே, எப்படிக் காய்ந்தது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

சிவப்பூசி:
அண்ணா, நோயைச் சரியாகச் சொன்னீர்கள், வைத்தியம்தான் ஆளைக் கொல்லும். தாய்மண்ணை விடச் சொல்வது மண்ணுக்காக இல்லை, அதோடு ஒட்டிக்கிடக்கும் நுனி வேர்களுக்காக. தடித்த வேர் வெறும் குழாய். நீரை இழுப்பது நுனியும் அதைப் போர்த்திய வெண்பூஞ்சையும்தான். பீய்ச்சிக் கழுவினால் இரண்டும் போய்விடும். மேப்பிள், எல்ம் என்றால் இலையுதிர்த்த காலத்தில் வெறும் வேராக நட்டாலும் பிழைக்கும். பைனுக்குத் தலை நிறைய ஊசி இருக்கிறது, அது நீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

உதிர்கிற மண் உதிரட்டும். மூங்கில் குச்சியால் ஓரத்தையும் அடியையும் மட்டும் கிளறி, நுனி வேர் தென்பட்டதும் நிறுத்துங்கள். பெட்டி வேர்க்கட்டைவிட ஓரிரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். அதற்குமேல் போனால் வேர் எட்டாத பியூமிஸ் ஈரத்தோடு சும்மா கிடந்து குளிரும். பியூமிஸைச் சலித்துத் தூசியை எறியுங்கள். மரத்தைக் கம்பியால் பெட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள், காற்றில் ஆடினால் புதிதாக விடுகிற வேர் எல்லாம் அறுந்துபோகும்.

நடு காயாமல் இருக்க வழி: வேர்க்கட்டின் மேல்முகத்தைப் பியூமிஸால் மூடாதீர்கள். நறுக்கிய ஸ்பாக்னம் பாசியை மெல்லிதாகப் பரப்புங்கள். ஒரு மரக்குச்சியை நடு மண்ணில் செருகிவையுங்கள், உருவிப் பார்த்தால் ஈரம் தெரியும். தண்ணீரை அங்கேதான், மெதுவாக, இரண்டு மூன்று தவணையாக விட வேண்டும். 3 ஆண்டு கழித்து, மரம் வலுவாக இருந்தால், ஒரு பக்கப் பாதியை மட்டும் சுத்தமாக்குங்கள். மறுபாதி இன்னும் 2, 3 ஆண்டு கழித்து.

கல்லிடுக்கு:
அதாவது ஐந்தாறு ஆண்டு கெட்ட மண்ணைக் கட்டிக் காக்க வேண்டும். அதற்குள் நடுப்பகுதி வேர் மூச்சுமுட்டி அழுகினால்? பூஞ்சையைப் பெரிய பூதமாக்காதீர்கள் தம்பி, சில வேர்களில் மிஞ்சினாலே பரவிவிடும்.

சிவப்பூசி:
பூஞ்சை பரவும். மரம் அதுவரை எதைக் குடித்து நிற்கும்?

மலைநிழல்:
இருவரும் பெட்டியருகே நின்று சண்டை போடுகிறீர்கள். பாதி முடிவு மலையிலேயே ஆகிவிடுகிறது. தோண்டும் முன் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள மண்திட்டோடு சேர்ந்து அசைந்தால் வேர் குழிக்குள்ளேயே சுருண்டிருக்கிறது, கடப்பாரையால் நெம்பினால் தட்டாக எழும்பும். தண்டு அசையாவிட்டால் வேர் பிளவுக்குள் ஆழமாக ஓடுகிறது. எவ்வளவு அழகான மரமானாலும் விட்டுவிடுங்கள். அறுத்து எடுத்தால் மிஞ்சுவது கட்டைதான்.

பருவம்: மண் உறைபனி விட்டதும், குருத்து நீளத் தொடங்கும் முன். எடுத்ததும் ஈரப்பாசி வைத்துச் சாக்கால் சுற்றி, பிளாஸ்டிக் படலத்தால் இறுக்கிக் கட்டுங்கள். டிரக்கில் தலைப்பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், நெடுஞ்சாலைக் காற்று ஊசியை உலர்த்திவிடும். ஊசியைக் கழிக்காதீர்கள், புது வேருக்குச் சோறு அதிலிருந்துதான்.

அனுமதியும் முக்கியம். தேசிய வனங்களில் அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள். தருகிற இடத்தில் சீட்டு வாங்கி அதன் நிபந்தனைப்படி எடுக்கலாம். ராக்கி மலை தேசியப் பூங்காவில் கைவைக்கவே கூடாது.

விதைச்சட்டி:
இவ்வளவு பாடுபட்டு நீள ஊசி மரம் எதற்கு? ஜப்பானியக் கறுப்புப் பைனை விதையில் வளர்த்தால், வலுவான மரத்தில் கோடைத் தொடக்கத்தில் குருத்தை வெட்டினால் இரண்டாம் குருத்து குட்டை ஊசியோடு வரும். பாண்டரோசாவுக்கு ஆண்டுக்கு ஒரே குருத்து, அந்த வெட்டு வெட்டினால் தளர்ந்துபோகும்.

மலைநிழல்:
உண்மை. ஆனால் நூற்றாண்டுப் பட்டையும் வெளுத்த பட்டமரப் பகுதியும் விதைச்சட்டியில் கிடைக்காது. ஊசி பிடிக்காதவர்கள் பின்னாளில் கறுப்புப் பைனை ஒட்டுக்கட்டுகிறார்கள்.

புதுக்குருத்து:
நான் புதியவன். வேர் பிடித்ததா என்று எப்போது தெரியும்? இப்போதே குருத்து நீள்கிறது.

சிவப்பூசி:
அதை நம்பாதீர்கள். முதல் குருத்து சேமிப்பில் வருவது. செத்த பைன்கூடச் சில மாதம் பச்சையாகவே நிற்கும். புது ஊசி முழு நீளம் வந்து முற்றி, அடுத்த வசந்தத்திலும் குருத்து வலுவாக வந்தால்தான் பிழைத்தது. ஊசி முற்றும்வரை உரம் வேண்டாம். முதல் ஆண்டு கம்பி சுற்றவோ கிளை வளைக்கவோ கூடாது.

மலைநிழல்:
கூடவே பட்டைவண்டு. கொலராடோவில் ஐப்ஸ் வண்டு தளர்ந்த பைனையும் புதிதாகப் பெயர்த்து நட்டதையும் தேடி வரும். தண்டில் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் உள்ளே புகுந்துவிட்டது, பிறகு மருந்து பயனில்லை. வரும் முன்பே பெர்மெத்ரின் பூச்சிமருந்தைப் பட்டை நனையத் தெளிக்க வேண்டும், அளவு லேபிளில் உள்ளபடி.

கல்லிடுக்கு:
சரி, மண் சரளையாக இருந்தால் சிவப்பூசி முறையில் செய்யலாம், பாதகமில்லை. களியாக இருந்தால் கழுவத்தான் வேண்டும், அதில் மாற மாட்டேன்.

சிவப்பூசி:
களியில் நிற்கிற மரத்தை நான் தோண்டவே மாட்டேன் அண்ணா.