டைகெரினாவா, டைகெரினஸா?

ஏரிக்கரையான்: "இந்தியக் காளைத் தவளைக்கு ரானா டைகெரினா என்ற அறிவியல் பெயரே போதும், ஹோப்லோபட்ராகஸ் டைகெரினஸ் என்பது வேலையற்றவர்கள் செய்த வேலை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். இரவு முழுவதும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ரானா லத்தீனில் பெண்பால். ஹோப்லோபட்ராகஸ் ஆண்பால். முதல் சொல்லான பேரினம் மாறினால், அடுத்து வரும் பெயரடையின் ஈறும் மாறும். ரானா கிராஸா என்ற இன்னொரு தவளையும் இப்படித்தான் ஹோப்லோபட்ராகஸ் கிராஸஸ் ஆனது.

மழைமணி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். தவளை அஃறிணை. ஒன்றன்பால், பலவின்பால் தவிர அதற்கு வேறென்ன பால்?

ஏரிக்கரையான்: பால் தவளைக்கு இல்லை ஐயா, சொல்லுக்கு!

நுணல்: மழைக்காலத்தில் ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தாடையின் இருபுறமும் நீலப் பைகள் புடைத்து நிற்கும். அந்த அழகைப் பார்த்துத்தான் ஆண்பால் கொடுத்தார்களோ?

ஏரிக்கரையான்: இல்லை, இல்லை, இல்லை. மங்கிய நிறத்தில் இருக்கும் பெண்ணும் டைகெரினஸ்தான். அதே பேரினத்து ஆப்பிரிக்கத் தவளை ஆக்ஸிபிட்டாலிஸ். 'இஸ்' ஈறு இருபாலுக்கும் பொது என்பதால் மாறவில்லை. எத்தனை முறை எழுதுவது?

மழைமணி: நான் படித்த பாடநூலில் ரானா டைக்ரினா. 'கெ' எங்கிருந்து முளைத்தது?

ஏரிக்கரையான்: முளைக்கவில்லை. 1802-இல் இதற்குப் பெயர் வைத்த டாடின் எழுதியதே டைகெரினா. 'கெ'யை விழுங்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். ஹோப்லோபட்ராகஸ் என்ற பேரினப் பெயர் விலங்கியலாளர் பீட்டர்ஸ் 1863-இல் வைத்தது, நேற்று முளைத்ததல்ல.

நுணல்: டாடின் இல்லை, தோதேன். பிரெஞ்சுக்காரர்.

ஏரிக்கரையான்: லத்தீன் ஈறு தெரியாதவர் எனக்குப் பிரெஞ்சு உச்சரிப்பு சொல்லித்தருகிறார். சென்ற மாதம் தேரையையும் தவளையையும் குழப்பியவரும் இவர்தான்.

நுணல்: தேரையும் தவளைதான் என்றேன். இந்தப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-இல் தேரையை ரானா பூஃபோ என்றுதான் எழுதினார். அதற்கு நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஏரிக்கரையான்: அது வேறு வழக்கு. ரானாவில் கண்டதையெல்லாம் கொட்டி வைத்த காலம் அது. பேச்சை மாற்றாதீர்கள்.

மழைமணி: மாற்றவில்லை. டைகெரினா.

ஏரிக்கரையான்: டைகெரினஸ்.

நுணல்: தோதேன்.