லட்லோ காட்டில் டூவார்ட் மரம் பார்த்த கதை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்த புதிதில் யூகலிப்டஸ் என்றாலே எனக்கு ஆகாது. தைலமரம் நட்டபின் கிணறு வற்றியது என்று அப்பா புலம்பியதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பன்பரி தாண்டி பஸ்ஸல்டன் போகும் வழியில், லட்லோவில் டீ குடிக்கத்தான் காரை நிறுத்தினோம். பிளாஸ்க்கைத் திறக்கவே மறந்துவிட்டேன். சாலையின் இருபுறமும் சொரசொரப்பான சாம்பல் பட்டையோடு டூவார்ட் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். பட்டை உரிந்து வழவழவென்று நிற்கும் நம் தைலமரத்தின் ஜாடையே இல்லை. கீழே கிடந்த மொட்டு அச்சாகக் கோன் ஐஸ்: அடியில் கூம்பு, மேலே புடைத்த மூடி. கோம்ஃபோசெஃபாலா என்ற அறிவியல் பெயருக்கே 'ஆணித்தலை' என்று பொருளாம்.

வடக்கே ஜூரியன் பே முதல் தெற்கே பஸ்ஸல்டன் பக்கம் வரை சுமார் 400 கிலோமீட்டர், அதுவும் கடலோரச் சுண்ணாம்பு மணலில்தான் இது தானாக வளரும். கிழக்கே மேடேறிச் சரளை மண் வந்தால் அது ஜாரா மரத்தின் ராஜ்ஜியம். பெர்த், மாண்டூரா, பன்பரி எல்லாம் எழும்பியது இதே மணல்பட்டையில்தான். போதாததற்கு மரம் இரும்பு மாதிரி, ரயில் பெட்டி செய்ய வெட்டினார்கள். மிச்சமிருக்கும் டூவார்ட் காடுகளை 2019-இல் மிக அருகிவரும் பட்டியலில் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம்.

•

அண்ணா, நாங்கள் மாண்டூராவில் இருக்கிறோம். பக்கத்தில் யால்கோரப் தேசியப் பூங்கா. கிளிஃப்டன் ஏரிக்கரையில் நுண்ணுயிர்கள் கட்டிய உருண்டைப் பாறைகளைப் பார்க்கத்தான் எல்லாரும் வருவார்கள். நான் பார்த்தது உச்சி மொட்டையாகி எலும்பு போல் நின்ற டூவார்ட் மரங்களை. 1990-களின் கடைசியிலிருந்தே இங்கே பட்டுப்போகின்றன. வேரை அழுகச் செய்யும் கிருமி ஒரு காரணம், மழை குறைந்தது இன்னொன்று என்கிறார்கள். ஆனால் தீயில் ஒரு பெருங்கிளை எரிந்து சாம்பலான இடத்தில், அந்தச் சாம்பல் விழுந்த அளவுக்கு மட்டும், முழங்கால் உயரக் கன்றுகள் நெருக்கி நின்றன. கோடு போட்டு நட்டது போல.

•

சாம்பல் விஷயம் எனக்குப் புதிது, நன்றி தங்கச்சி. லட்லோ போகிறவர்கள் ராத்திரியும் ஒரு நடை நடந்து பாருங்கள். பெப்பர்மின்ட் மரக் கிளைகளில் பாசம் (possum) என்ற மரமேறும் சிறு விலங்குகள் உட்கார்ந்திருக்கும். டார்ச் மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் அதுகளுக்குக் கண் கூசும்.